எடைக்குப் போட்டால் போதுமா?

"பழைய ஃப்ரிட்ஜா? காயலான் கடையில் போட்டுவிடுங்கள், மறுசுழற்சிக்குப் போய்விடும்." திருவள்ளூர் மாவட்டத்தில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்கிறார்கள். இதற்கு அவர்கள் காட்டும் காரணங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. "அங்கே எதுவும் வீணாவதில்லை."

விலை போகும் பொருள்தான் வீணாவதில்லை. கம்ப்ரசரைக் கழற்ற முதலில் செம்புக் குழாயை நறுக்குகிறார்கள். சில நொடி ‘உஸ்’ஸென்று சத்தம், அத்தோடு கேஸ் முழுக்கக் காற்றில் கலந்துவிடுகிறது. கம்ப்ரசர் கூட்டைப் பிளந்து காயிலை உருவும்போது உள்ளே இருக்கும் எண்ணெய் மண்ணில் வழிகிறது. தகடும் செம்பும் அலுமினியமும் தராசுக்குப் போகின்றன. ஃப்ரிட்ஜின் சுவருக்குள் இருக்கும் மஞ்சள் நுரையை வாங்க ஆளில்லை. அது ஏரிக்கரையில் கொட்டப்படும், இல்லையேல் கொளுத்தப்படும்.

2. "இருப்பதே துளி கேஸ், அதனால் என்ன கெடுதல்?"

1990களின் ஃப்ரிட்ஜ்கள் பலவற்றில் இருந்தது ஆர்-12. ஓசோன் படலத்தை அரிப்பது போக, பூமியைச் சூடாக்குவதில் கரியமில வாயுவைப் போல் ஏறக்குறைய 10,900 மடங்கு வலிமை கொண்டது. 150 கிராம் கசிந்தால் 1.6 டன் கரியமில வாயுவுக்குச் சமம். அடுத்து வந்த ஆர்-134ஏ 1,430 மடங்கு. இப்போதைய ஃப்ரிட்ஜ்களில் உள்ள ஆர்-600ஏ அந்த அளவுக்குச் சூடாக்காது, ஆனால் தீப்பற்றும். கேஸ் கட்டரோடு அதை நெருங்குபவரின் உயிருக்கே ஆபத்து.

3. "கும்மிடிப்பூண்டி உலையில் எப்படியும் உருகிவிடும்."

பழைய இரும்பை உருக்கிக் கம்பி போடும் ஆலைகள் அங்கே நிறைய உண்டு. உலைக்கு வேண்டியது இரும்பு மட்டும். நுரையும் பிளாஸ்டிக்கும் ஒட்டிய தகடு உள்ளே போனால் நச்சுப் புகைதான் வரும். அபாயக் கழிவுகளைப் புதைக்கும் பொது வளாகமும் அங்குள்ள சிப்காட் தொழிற்பேட்டையில்தான் இருக்கிறது. ஏற்கெனவே இவ்வளவு சுமக்கும் ஊரின் தலையில் நம் வீட்டுக் கழிவையும் ஏற்றுவது நியாயமில்லை.

4. "நமக்கு வேறு வழி ஏது?"

இருக்கிறது. 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள மின்கழிவு விதிகளின்படி, ஃப்ரிட்ஜ், ஏசி, வாஷிங் மெஷின் ஆகியவை முறையாக மறுசுழற்சி ஆவதற்குத் தயாரிப்பாளரே பொறுப்பு. கும்மிடிப்பூண்டி வட்டாரத்திலேயே அனுமதி பெற்ற மின்கழிவு ஆலைகள் இயங்குகின்றன. நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவையை அழைத்து, எடுத்துச் செல்லச் சொல்லிக் கேளுங்கள். புதியது வாங்கும்போது பழையதைக் கொடுத்தால், அது எந்த ஆலைக்குப் போகிறது என்று கடைக்காரரிடம் கேளுங்கள்.

5. "காயலான் கடைக்காரர் பிழைப்பு என்னாவது?"

இந்தக் கவலை நியாயமானது. வாசலுக்கே வந்து பொருளை எடுப்பவர் அவர்தான். அவரை ஒதுக்கிவிட்டு எந்த ஏற்பாடும் நடக்காது. குழாயை நறுக்காமல், ஃப்ரிட்ஜை முழுதாக ஆலையில் சேர்த்தால் அவருக்குக் கூடுதல் விலை கிடைக்க வேண்டும். அதற்குப் பணமும் இருக்கிறது. வீட்டு மின்சாதனங்களுக்குக் கிலோவுக்குக் குறைந்தது 22 ரூபாயைத் தயாரிப்பாளர்கள் மறுசுழற்சி ஆலைகளுக்குத் தர வேண்டும் என்று மத்திய அரசு நிர்ணயித்திருக்கிறது. அதை எதிர்த்துப் பெரிய நிறுவனங்கள் டெல்லி உயர் நீதிமன்றம் போயிருக்கின்றன. அந்தத் தொகையில் ஒரு பங்கு காயலான் கடைக்காரர் கைக்கு வந்தால், கட்டரை எடுக்க அவருக்குக் காரணமே இருக்காது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் உள்ளாட்சிகளும் முதலில் செய்ய வேண்டிய வேலை இதுதான்.