கால்நடை உதவியாளர் பயிற்சி

கரிசல் பூமியாகிய விருதுநகர் ஜில்லாவில் மழை பொய்த்தால் வெள்ளாமை பொய்க்கும். பட்டாசுத் தொழில் நின்றால் கூலி நிற்கும். இவ்விரண்டும் கைவிட்ட காலத்தில் ஏழைக் குடும்பத்தைத் தாங்குவது கொல்லையில் கட்டியிருக்கும் பசுவும், நாலைந்து ஆடுகளுமேயாகும். அவை நோயுற்றால் கூப்பிட்ட குரலுக்கு வந்து நிற்கக்கூடிய, முறையாகக் கற்ற ஆள் எத்தனை கிராமங்களில் இருக்கிறார்? இக்கேள்விக்கு விடை என்னவென்பதைக் கிராமங்களில் ஊழியம் செய்யும் நம் நண்பர்களுக்கு நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

இது அற்ப விஷயமன்று. 2012 செப்டம்பரில் சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் நிகழ்ந்த வெடி விபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2018 அக்டோபரில் பேரியம் உப்பு சேர்த்த பட்டாசுகளை உச்ச நீதிமன்றம் தடுத்ததைத் தொடர்ந்து, ஆலைகள் பல மாதங்கள் மூடிக் கிடந்தன. உயிருக்கும் உறுதியில்லை, வேலைக்கும் உறுதியில்லை என்னும் நிலையில், இப்பகுதி இளைஞர்களுக்கு வேறொரு கைத்தொழில் கற்பிப்பது தேசத் தொண்டே அல்லவா? கால்நடை வைத்தியருக்கு உதவியாக நின்று பணி செய்யும் தொழில் அவற்றுள் ஒன்று என்பது நமது அபிப்பிராயம்.

கற்றுக்கொண்டு வந்து பிழைப்பது சிவகாசிக்குப் புதிதன்று. 1922-ஆம் ஆண்டில் ஸ்ரீ அய்ய நாடாரும் ஸ்ரீ சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பியிராவிடில், இன்று நாம் காணும் சிவகாசி ஏது? அன்று கல்வியைத் தேடி ஆயிரம் மைல் போக வேண்டியிருந்தது. இன்று கால்நடைப் பல்கலைக்கழகத்தின் பயிற்சி நிலையம் ராஜபாளையத்திலேயே இருக்கிறது. 2012-இல் தோன்றிய கால்நடை மருத்துவக் கல்லூரி திருநெல்வேலியில் இருக்கிறது. படிப்பை இடையில் விட்டவர்களுக்கும் தொழில் கற்பிக்கும் சமுதாயக் கல்லூரிகள் 1990-களிலிருந்தே தமிழ் நாட்டில் நடந்து வருகின்றன. இம்மூன்றையும் இணைப்பதொன்றே பாக்கி.

உதவியாளர் கற்க வேண்டியது யாது? மிருகத்தை அதற்கும் தமக்கும் ஊறு நேராமல் பிடித்து நிறுத்துதல், சுரம் பார்த்தல், எடைக்குத் தக்கபடி குடற்புழு மருந்தை அளத்தல், புண்ணைக் கழுவிக் கட்டுதல், கணக்கு எழுதுதல். தடுப்பு மருந்தை 2 முதல் 8 டிகிரிக் குளிர்ச்சியிலேயே வைத்திருந்து கிராமத்துக்குக் கொண்டு சேர்ப்பது இவற்றுள் தலையாயது. வெயிலில் கெட்டுப்போன மருந்தை ஆயிரம் ஆடுகளுக்குப் போட்டாலும் ஆட்டுக்கொல்லி நோய் நிற்காது. வயிறு உப்பிய மாட்டின் வாயில் மூங்கில் குழாயால் அவசரமாக மருந்து ஊற்றி, அது நுரையீரலில் இறங்கி மாடு செத்ததை எத்தனையோ பேர் கண்டிருப்பர். எதைத் தாம் செய்யலாம், எப்போது வைத்தியரை அழைக்க வேண்டும் என்று அறிவதே இப்பயிற்சியின் சாரம்.

இந்தியாவில் வெக்கை நோய் கடைசியாகக் காணப்பட்டது 1995-இல்; 2011-இல் அது உலகத்திலிருந்தே ஒழிந்ததென்று அறிவிக்கப்பட்டது. மேதாவிகள் கண்ட மருந்து பெரிதுதான். ஆனால் அதைச் சுமந்துகொண்டு தொழுவம் தொழுவமாகப் போனவர்களின் கைகளும் இல்லாமல் அவ்வெற்றி கிட்டியிராது. கோமாரியை ஒழிக்க 2019-இல் தொடங்கிய தேசியத் திட்டத்துக்கும் அத்தகைய கைகளே வேண்டும்.

‘அரைகுறைப் படிப்பாளிகள் பெருகுவார்கள்’ என்று வைத்தியர்கள் சிலர் ஆட்சேபிக்கலாம். ஆட்சேபம் நியாயமானதே. ஆனால் கற்ற உதவியாளர் இல்லாத கிராமத்தில் இப்போது ஊசி பிடிப்பவர் யார்? ஏதும் கல்லாதவரே. மேலும், எல்லை எதுவென்பதைச் சட்டமே வகுத்திருக்கிறது. 1984-ஆம் வருஷத்து இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டத்தின் 30-வது பிரிவு, பதிவு பெற்ற வைத்தியர்களே வைத்தியம் செய்யலாமென்று விதித்து, தடுப்பூசி, காயடித்தல், புண்ணுக்குக் கட்டுதல் போன்ற சிறு பணிகளை மட்டும், தகுந்த சான்றிதழ் உடையவர்கள் வைத்தியரின் மேற்பார்வையில் செய்ய ராஜ்ய சர்க்கார் அனுமதிக்கலாம் என்கிறது.

எந்தச் சான்றிதழும் போதாது என்பதை இங்கே ஊன்றிக் கவனிக்க வேண்டும். கால்நடைத் துறையோ அங்கீகாரம் பெற்ற கால்நடைக் கல்வி ஸ்தாபனமோ வழங்கியதாக அது இருக்க வேண்டும்; சர்க்காரின் உத்தரவும் வேண்டும். இவையில்லாத காகிதத்தைச் சட்டமிட்டு மாட்டிக்கொள்ளலாம். அதைக்கொண்டு ஓர் ஆட்டுக்கும் ஊசி போட முடியாது. பட்டாசுக் கூலியில் மிச்சம் பிடித்துத் தாய் கட்டிய சம்பளம் அப்படிப்பட்ட காகிதத்துக்குப் போவதைக் காட்டிலும் கொடுமை வேறில்லை. பெயர்ப் பலகை மாட்டுமுன் அங்கீகாரம் பெறுக. அங்கீகாரம் பெறாதவர் மாணவரிடம் ஒரு காசும் வாங்கலாகாது.

ஆகவே நாம் கோருவது மூன்று. முதலாவது, விருதுநகர் ஜில்லாவில் தொடங்கும் எந்தப் பயிற்சியும் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் பாடத்திட்டத்தையும் சான்றிதழையும் உடையதாயிருக்க வேண்டும். இரண்டாவது, காலத்தில் பாதியையேனும் வகுப்பறையிலன்றி ஆஸ்பத்திரியிலும் தொழுவத்திலும் கழிக்க வேண்டும். மூன்றாவது, பெண்களுக்குச் சரிபாதி இடம் வேண்டும். பால் கறப்பவளும் ஆடு மேய்ப்பவளும் அவளாயிருக்க, அவற்றின் நோயை அறியும் கல்வி மட்டும் அவளுக்கு ஏன் இல்லை?

இந்த ஜில்லாவின் கன்னி ஆடும், வேம்பூர்ச் செம்மறியும் வறண்ட பூமியில் வாழப் பழகிய நல்ல ஜாதிகள். அவற்றைக் காக்கும் ஜனங்களும் அப்படியே. அவர்கள் கேட்பது தர்மமன்று, தொழில். சர்க்காரும் பல்கலைக்கழகத்தாரும் இனியும் காலதாமதம் செய்யாமல் ஆவன செய்ய வேண்டுமென்று வற்புறுத்துகிறோம்.