கோமாரி ஊசி மாட்டின் மரபணுவை மாற்றுமா?

கேள்வி: வீட்டில் ஆறு கறவை மாடுகள். அடுத்த வாரம் ஊரில் கோமாரி தடுப்பூசி முகாம். இப்போது போடுவது எம்.ஆர்.என்.ஏ ஊசி, அது மாட்டின் மரபணுவை மாற்றிவிடும், பால் வழியாகக் குழந்தைகளுக்கும் வரும் என்று வாட்ஸ்அப்பில் செய்தி வந்துள்ளது. ஊசி போடலாமா?

பதில்: தாராளமாகப் போடலாம். முகாமில் போடுவது எம்.ஆர்.என்.ஏ ஊசியே அல்ல. கோமாரி வைரஸை ஆய்வுக்கூடத்தில் வளர்த்து, செயலிழக்கச் செய்து தயாரிக்கும் பழைய முறை ஊசிதான் அது. ஓ, ஏ, ஆசியா-1 ஆகிய மூன்று வகை வைரஸுக்கும் அது பாதுகாப்பு தரும். இந்தச் செய்திக்குப் பயந்து ஊசியை விட்டுவிட்டு, பின்னால் கோமாரி வந்தால் கறவை போய்விடும். கன்றுகள் இறக்கவும் கூடும்.

இருந்தாலும் எம்.ஆர்.என்.ஏ என்றால் என்ன என்று தெரிந்து வைத்திருப்பது நல்லது. ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ் மாநில அரசு 2022இல் கோமாரிக்கும் தோல் கழலை நோய்க்கும் இவ்வகை ஊசி உருவாக்கும் வேலையைத் தொடங்கியது. நாளை இங்கும் அது வரலாம்.

உடம்பின் செல்லுக்குள் உட்கரு இருக்கிறது. அதில் உள்ள டி.என்.ஏதான் மூலப் பதிவேடு. ஒரு புரதம் தேவைப்பட்டால் செல் அந்தப் பக்கத்தை மட்டும் நகல் எடுத்து உட்கருவுக்கு வெளியே அனுப்பும். அந்த நகல்தான் எம்.ஆர்.என்.ஏ. ரைபோசோம் அதைப் படித்துப் புரதத்தைச் செய்யும். வேலை முடிந்ததும் நகல் சிதைந்துவிடும். மாடு, மனிதர், நெல் எல்லாவற்றிலும் இது ஓயாமல் நடக்கிறது. சாப்பிடும் கீரையிலும் எம்.ஆர்.என்.ஏ உண்டு, அது வயிற்றில் செரித்துவிடுகிறது.

ஊசியில் வைரஸின் ஒரு புரதத்துக்கான நகல் மட்டும், கண்ணுக்குத் தெரியாத கொழுப்புத் துளிக்குள் வைத்துத் தரப்படுகிறது. செல் அந்தப் புரதத்தைச் செய்ததும் உடம்பு அதை அந்நியப் பொருள் என்று கண்டுகொண்டு எதிர்ப்பு சக்தியை வளர்த்துக்கொள்கிறது. முழு வைரஸ் இல்லாததால் ஊசியால் அந்த நோய் வராது. நகல் உட்கருவுக்குள் போவதும் இல்லை. பட்டா நகலில் கிறுக்கினால் தாலுகா அலுவலகப் பதிவேடு மாறிவிடுமா?

இதை அவசரத்தில் செய்தார்கள் என்பதும் சரியல்ல. ஆய்வுக்கூடத்தில் செய்த ஆர்.என்.ஏவை உடம்பு எதிரியாக எண்ணி அழற்சி உண்டாக்கியதுதான் நீண்ட காலத் தடை. ஹங்கேரியில் கசாப்புக்கடைக்காரரின் மகளாக, குழாய்த் தண்ணீர் இல்லாத வீட்டில் வளர்ந்த கட்டலின் கரிக்கோ, அமெரிக்காவில் இதற்காகவே உழைத்தார். ஆய்வுக்குப் பணம் கிடைக்கவில்லை. 1995இல் பதவியும் இறக்கப்பட்டது. அவரும் ட்ரூ வைஸ்மனும் 2005இல் வழி கண்டார்கள். ஆர்.என்.ஏவின் நான்கு எழுத்துகளில் யூரிடின் என்பதைச் சற்று மாற்றினால் அழற்சி அடங்கியது. 2023இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

அடித்தளம் இப்படித் தயாராக இருந்ததால்தான், 2020 ஜனவரியில் கொரோனா வைரஸின் மரபணு வரிசை வெளியானதும் மார்ச்சிலேயே மனிதரிடம் சோதனை தொடங்க முடிந்தது. ஃபைசர் ஊசியின் பெரிய சோதனையில் 40 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் சேர்ந்தனர். பக்கவிளைவே இல்லை என்று சொல்ல முடியாது. காய்ச்சல், கைவலி சகஜம். மிக அரிதாக, பெரும்பாலும் இளைஞர்களுக்கு, இதயத் தசை அழற்சி வந்தது. இந்தியாவில் பெரும்பாலோர் போட்டுக்கொண்ட கோவிஷீல்டும் கோவாக்சினும் எம்.ஆர்.என்.ஏ ஊசிகள் அல்ல. புனேயின் ஜென்னோவா நிறுவனம் தயாரித்த எம்.ஆர்.என்.ஏ ஊசிக்கு 2022 ஜூனில் அவசர கால அனுமதி கிடைத்தது. ஃபைசர் ஊசிக்கு முதலில் மைனஸ் 70 டிகிரி குளிர் தேவைப்பட்டது. இதற்கு 2 முதல் 8 டிகிரி போதும்.

இனி முகாம் விஷயம். கோமாரி ஊசியையும் அதே 2 முதல் 8 டிகிரி குளிரில்தான் வைக்க வேண்டும். ஐஸ் பெட்டியில் கொண்டு வருகிறார்களா என்று கேட்பதில் தவறில்லை. காய்ச்சல் உள்ள மாடு, கன்று ஈனும் நாள் நெருங்கிய மாடு இருந்தால் கால்நடை மருத்துவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். ஊசி போட்ட இடம் சற்று வீங்கலாம். ஓரிரு நாள் பால் குறையலாம். அந்தப் பாலை வழக்கம்போலக் காய்ச்சிக் குடிக்கலாம். எதிர்ப்பு சக்தி உருவாக இரண்டு மூன்று வாரம் ஆகும். அதுவரை மாட்டைச் சந்தைக்கு ஓட்ட வேண்டாம். புதிதாக வாங்கிய மாட்டையும் தொழுவத்தில் சேர்த்துக் கட்ட வேண்டாம். முதல்முறை ஊசி போடும் கன்றுக்கு ஒரு மாதம் கழித்து இன்னொரு ஊசி தேவை. பிறகு ஆறு மாதத்துக்கு ஒரு முறை.