அடுக்களை மருந்தும் அதன் எல்லையும்



வடகீழ்ப் பருவமழை தொடங்கியதும் மன்னார்க் கரையோர இல்லத்தரசிகளுக்கு ஓய்வென்பதே இல்லாமற் போய்விடுகின்றது. மூத்த பிள்ளைக்குத் தடிமன், இளையதற்கு இருமல், கைக்குழந்தைக்கு வயிற்றோட்டம் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டேயிருக்கும். மாமியார் வேர்க்கொம்பைத் தட்டி அவிக்கச் சொல்வார். மருமகளோ மாத்திரை வாங்கிவரக் கடைக்கு ஆள் அனுப்பத் துடிப்பாள். இவ்விருவரில் எவர் சொல்வது சரி என்று வினவினால், நோய் எது, அது தொடங்கி எத்தனை நாளாயிற்று என்று கேட்ட பின்னரே பதில் கூற முடியும். இவ்வாரம் அதைப்பற்றியே எழுத எண்ணினேன்.

முசலிப் பகுதியை எடுத்துக்கொள்வோம். அரிப்பு, சிலாவத்துறை, கொண்டச்சி, மறிச்சுக்கட்டி ஆகிய ஊர்களுக்கு ஒரு பக்கம் கடல்; மறுபக்கம் வில்பத்து வரை நீளும் காடு; இடையே குளங்களும் வயல்களும். அரிப்பு என்றதும் முத்துக்குளிப்பும், தேசாதிபதி நோர்த் கட்டுவித்த மாளிகையின் இடிபாடுமே பலருக்கு நினைவில் வரும். எனக்கோ அவ்வூர் மீன்சட்டிதான் நினைவில் வருகின்றது. கடல், வயல், காடு ஆகிய மூன்றும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க, ஒரு குடும்பம் போஷாக்கின்றி வாடுவதற்கு நியாயமே இல்லை. ஆயினும் வாடுகின்ற வீடுகள் உண்டு.

அதற்குக் காரணம் வறுமை மட்டுமன்று. கீரையறிவும் மூலிகையறிவும் ஏட்டிலே எழுதி வைக்கப்பட்டவை அல்ல. தாய் பறிக்க, மகள் பார்த்துப் பழகியவை. 1990ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் வட மாகாண முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது, முசலி மக்களும் ஊரை விட்டுப் புறப்பட்டுப் பெரும்பாலும் புத்தளப் பகுதியிலே தஞ்சம் புகுந்தனர். 2009இல் போர் முடிந்த பின்னர் திரும்பி வந்தவர்கள் காடு மூடிய வளவுகளையே கண்டனர். இடையிலே கழிந்தது ஏறத்தாழ இருபது வருடம். அகதி முகாமிற் பிறந்து, அங்கேயே மணமுடித்து, கைக்குழந்தையுடன் ஊருக்கு வந்த பெண்ணுக்கு, வேலியோரத்து முசுட்டையையும் குறிஞ்சாவையும் யார் காட்டிக் கொடுத்திருப்பார்? அறிவு அறுந்துபோன இடத்தில் நல்ல பழக்கங்கள் மறைவதோடு, எங்கேயோ கேட்ட அரைகுறைப் பக்குவங்களும் துணிந்து செய்யப்படுகின்றன. இரண்டாவதே எனக்கு அதிக அச்சத்தைத் தருகின்றது.

முதலில் உணவைப் பற்றிச் சொல்லிவிடுகின்றேன். பெரிய மீனைத் துண்டுபோட்டு வாங்கினால்தான் கௌரவம் என்று எண்ணாதீர்கள். சூடை, நெத்தலி போன்ற சிறுமீன்களை முள்ளோடு உண்ணும்போது எலும்புக்கு வேண்டிய கல்சியமும் கூடவே கிடைத்துவிடுகின்றது. மீன் கிடையாத நாளில் குரக்கன் மா இருக்கின்றது. 100 கிராம் குரக்கனில் சுமார் 350 மில்லிகிராம் கல்சியம் உண்டு. அதே நிறையுள்ள பசும்பாலில் சுமார் 120 மில்லிகிராம்தான். முருங்கையிலைச் சொதியைப் பாருங்கள். இலையிலுள்ள உயிர்ச்சத்து 'ஏ' உடலிற் சேர்வதற்குக் கொழுப்பு வேண்டும். அதைத் தேங்காய்ப்பால் தருகின்றது. இலையிலுள்ள இரும்புச்சத்து சேர்வதற்குப் புளிப்பு வேண்டும். அதற்காகவே வைத்தாற்போல் இறக்கும் சமயத்தில் தேசிக்காய் பிழிகின்றோம். இத்தனையும் செய்துவிட்டு, உண்ட கையோடு ஒரு கோப்பைத் தேநீர் அருந்தினால், தேயிலையின் துவர்ப்பு அந்த இரும்பைச் சேரவிடாது தடுத்துவிடும். இரத்தம் குறைந்த பெண்களும் கர்ப்பிணிகளும் தேநீரைச் சாப்பாட்டுக்கு ஒன்றிரண்டு மணி நேரம் தள்ளி வைத்துக்கொள்வது நலம். நம் வீடுகளில் இதைச் சொன்னால் ஆண்கள்கூடக் கோபிப்பார்கள் என்பதை அறிவேன்.

பிள்ளை பெற்றவளுக்குக் கொத்தமல்லி, மிளகு, நற்சீரகம், மஞ்சள், உள்ளி ஆகியவற்றை அரைத்துச் சரக்குக் கறி வைத்துக் கொடுப்பது நல்ல வழக்கம். பாற்சுறாவையும் அதிற் சேர்க்கலாம். ஆனால், தண்ணீர் குடிக்காதே, பழம் தொடாதே, கீரை ஆகாது என்று அவளைப் பட்டினி போடுவது பத்தியமன்று, கொடுமை. பாலூட்டுபவளுக்கு மற்றவர்களைவிட அதிக உணவும் அதிக நீரும் வேண்டும். குழந்தைக்கோ முதலில் சுரக்கும் சீம்பாலே முதல் மருந்து; அதைப் பீய்ச்சி எறியலாகாது. காட்டுத்தேன் எவ்வளவு தூயதாயினும் ஒரு வயது நிரம்பாத குழந்தையின் நாவில் அதைத் தடவாதீர்கள். தேனில் தங்கியிருக்கக்கூடிய ஒருவகைக் கிருமி, பிஞ்சுக் குடலில் வளர்ந்து உடலைச் செயலிழக்கச் செய்யும் நஞ்சை உண்டாக்கும். பிள்ளைவளர்ப்பான் என்று பெயர் பெற்ற வசம்பும் அவ்விதமே. அதில் நச்சுப்பொருள் ஒன்று இருப்பது இன்று தெளிவாகத் தெரிந்த பின்னர், பெயரை நம்பிச் சுட்டுக் கொடுக்க வேண்டியதில்லை.

தடிமனுக்கும் சாதாரண இருமலுக்கும் மாமியார் பக்கமே நான் நிற்பேன். கொத்தமல்லியும் வேர்க்கொம்பும் அவித்த நீர் தொண்டைக்கு இதமளிக்கும். ஒரு வயது தாண்டிய பிள்ளைக்குப் படுக்குமுன் ஒரு தேக்கரண்டி தேன் இருமலைத் தணிக்கும். ஆவி பிடிக்கச் சிறு பிள்ளைகளைக் கொதிநீர்ப் பானைக்கு அருகில் இருத்த வேண்டாம். பானை கவிழ்ந்து வெந்துபோவது தடிமனிலும் பெரிய துன்பம். பிள்ளை மூச்சுவிட வேகமாகத் திணறினாலோ, நெஞ்சுக்கூடு உள்ளே இழுபட்டாலோ, குடிநீர் அவிக்கும் நேரம் அதுவன்று.

வயிற்றோட்டத்திலே தாயின் கைதான் உயிரைக் காக்கின்றது. 1971ஆம் ஆண்டு வங்கதேசப் போரின்போது, எல்லையோரத்துப் பொன்காவ் என்னும் ஊரில் அகதிகளிடையே வாந்திபேதி பரவியது. நரம்பில் ஏற்றும் சேலைன் தீர்ந்துபோகவே, வைத்தியர் திலீப் மஹாலநாபிஸ் உப்பும் குளுக்கோசும் கலந்த நீரை வாயாற் பருகக் கொடுக்கச் செய்தார். நூற்றுக்கு முப்பது பேர் வரை இறந்துகொண்டிருந்த நிலை மாறி, இறப்பு நூற்றுக்கு நாலுக்கும் குறைவாயிற்று. அதையே நாமும் வீட்டில் செய்யலாம். கொதித்தாறிய நீர் ஒரு லீற்றர், சீனி ஆறு தேக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி. கரண்டி விளிம்புக்கு மட்டமாக இருக்கட்டும். உப்பு கூடினால் குழந்தைக்குக் கேடு. கடையிற் கிடைக்கும் ஜீவனிப் பொடி இன்னும் உத்தமம். உப்பிட்ட அரிசிக் கஞ்சியும் கொடுக்கலாம். நோன்புக் கஞ்சி காய்ச்சத் தெரிந்தவர்களுக்கு இது பெரிய வித்தையன்று. இதிலே இறைச்சியும் தேங்காய்ப்பாலும் சேர்க்காது விட்டாற் போதும். தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். கண் குழிவிழுந்து, சிறுநீர் குறைந்து, பிள்ளை சோர்ந்து கிடந்தாலும், மலத்தில் இரத்தம் கண்டாலும், உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். போகும் வழியிலும் சிறிது சிறிதாகப் பருக்கிக்கொண்டே செல்லுங்கள்.

காய்ச்சலே எல்லாவற்றிலும் ஏமாற்றுவது. முன்னாளில் இப்பக்கத்தில் காய்ச்சல் என்றால் மலேரியா என்றே கொள்வர். நிலவேம்பு அவித்துக் கொடுத்துக் காத்திருப்பர். 2016 செப்டெம்பரில் இலங்கை மலேரியா அற்ற நாடென உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. அவ்வாண்டு இறுதியிலேயே, கிணறுகளிலும் தொட்டிகளிலும் பெருகி அந்நோயைப் பரப்பவல்ல புதிய நுளம்பினம் ஒன்று மன்னாரில் அகப்பட்டது. ஆகையினால் வெளிநாடு சென்று வந்தவருக்குக் காய்ச்சல் கண்டால் அதை மறைக்காது வைத்தியரிடம் கூற வேண்டும். இன்று நம்மை அதிகம் அச்சுறுத்துவது டெங்கு. பப்பாசியிலைச் சாறு பிழிந்து கொடுத்துவிட்டு நிம்மதியாக இருக்கும் குடும்பங்களைக் காணும்போது மனம் பதறுகின்றது. காய்ச்சல் இரண்டு நாளைக் கடந்தால் இரத்தப் பரிசோதனை செய்வியுங்கள். பரசிற்றமோல் தவிர அஸ்பிரின், இபுபுரூபன் போன்றவை வேண்டாம். அவை இரத்தக் கசிவை அதிகரிக்கும். இன்னுமொன்று: டெங்குவில் ஆபத்து, காய்ச்சல் தணியும் வேளையிலேதான் பெரும்பாலும் தொடங்குகின்றது. உடல் குளிர்ந்தது, மருந்து வேலை செய்தது என்று மகிழும் அந்நேரத்தில் வயிற்றுவலி, தொடர்ந்த வாந்தி, இரத்தக் கசிவு, மயக்கம் ஆகியவற்றில் ஒன்று கண்டாலும் இரவென்று பாராமற் புறப்பட வேண்டும். சிலாவத்துறையில் வைத்தியசாலை உண்டு. வாகனம் இல்லாதோர் 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் பணமின்றி வரும். பாம்புக்கடிக்கும் இதுவே வழி. கட்டுவதும் கீறுவதும் விஷக்கல் வைப்பதும் நேரத்தைத் தின்னும்.

மழை பெய்யத் தொடங்கியுள்ள இச்சமயத்தில் ஒரு வேலை செய்துவிடுங்கள். அயல்வீட்டில் கைப்பருமனான முருங்கைக் கதியால் ஒன்று கேட்டு வாங்கி, தண்ணீர் தேங்காத வேலியோரத்தில் ஒன்றரையடி ஆழத்தில் நட்டு, வெட்டிய நுனியிற் பசுஞ்சாணத்தை அப்பி விடுங்கள். துளிர்த்த பின் ஆடு எட்டாதபடி முள் கட்டவேண்டும். நடும்போது மகளையும் கூட அழைத்துச் செல்லுங்கள்.