முதல் திரையிலேயே பேசட்டும்

ஒரு கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டலாம். அதற்கு மெய்நிகர் இயந்திரம் என்று பெயர். பார்வை இழந்த நான் லினக்ஸ் பழகுவது அதில்தான். விண்டோஸில் எனக்குத் திரையைப் படித்துச் சொல்லும் என்.வி.டி.ஏ. மென்பொருள், அந்த ஜன்னலுக்குள் போனதும் மௌனம்! உள்ளே இருப்பது அதற்கு வெறும் படம். உள்ளேயும் தனியாக ஒரு திரைவாசிப்பான் வேண்டும்.

டெபியன் லினக்ஸை நிறுவும்போது, முதல் பட்டியலில் 'எஸ்' தட்டி என்டர் அழுத்தினால் குரல் வந்துவிடும். எல்லா மென்பொருளும் இப்படித் தொடக்கத்திலேயே பேசவேண்டும் என்பது என் கட்சி. இதற்கெல்லாம் பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிடும் நிலை கூடாது.

பிரெஞ்சுப் பள்ளியில் நாங்கள் படித்த லூயி பிரெய்ல் பார்வையற்றவர். 2006-இல் என்.வி.டி.ஏ.வைத் தொடங்கிய ஆஸ்திரேலியர் மைக்கேல் கரனும் அப்படியே. மென்பொருள் செய்பவர்களே, எங்களையும் உட்காரவைத்துச் சோதித்துப் பாருங்கள்.