நினைவா? வணக்கமா?

“வரலாற்றை அழிக்காதீர்!” என்று வரிந்து கட்டிக்கொண்டு வருகின்றனர் சிலர். எந்த வரலாற்றை, தோழர்களே? இராஜஸ்தான் உயர்நீதிமன்றத்தின் ஜெய்ப்பூர் வளாகத்திலே 1989-ஆம் ஆண்டு நிறுத்தப்பட்ட மனுவின் சிலையைத்தான் வரலாறு என்கின்றனர்!

மனுவின் பெயரால் வழங்கும் நூல் கூறும் நீதி யாது? பிராமணனை ஏசிய க்ஷத்திரியனுக்கு 100 பணம் தண்டம். அதே ஏச்சை ஏசிய சூத்திரனுக்கோ உடலிலே தண்டனை. குற்றம் ஒன்று, பிறப்பு வேறு, ஆகவே தண்டனையும் வேறு! பெண்ணோ, இளமையில் தந்தைக்கும், பருவத்தில் கணவனுக்கும், முதுமையில் மகனுக்கும் அடங்கியவள், தன்னுரிமைக்குத் தகுதியற்றவள். இந்த நூலைத்தான் 1927 டிசம்பர் 25 அன்று மகாடிலே எரித்தார் அம்பேத்கர். அவர் தலைமையிலான குழு வரைந்த அரசியலமைப்புச் சட்டத்தின் 14-ஆம் பிரிவோ, சட்டத்தின் முன் அனைவரும் சமம் என்கிறது. அந்தப் பிரிவை நம்பி நீதி கேட்கச் செல்லும் ஏழை, அங்கே யார் முகத்தில் விழிக்க வேண்டும்?

சிலை வைத்த அடுத்த மாதமே, அதை அகற்றுவதென நீதிபதிகளே கூடி முடிவெடுத்தனர். வழக்கு வந்தது; தடை பிறந்தது; சிலை நின்றது. 2018-இல் பெண்கள் இருவர் அதன்மீது கருஞ்சாயம் பூசினர். கைதானவர்கள் அவர்கள்!

“நினைவுகூர்தல் வேறு, போற்றுதல் வேறு” என்பர். நாமும் அதைத்தானே சொல்கிறோம்! வகுப்பறையிலே மனுவைப் பற்றிப் பாடம் நடத்துகிறோம். மாலை சூட்டிவிட்டா நடத்துகிறோம்? நீதியின் முற்றத்திலே பீடமேற்றி நிறுத்துவது பாடமன்று, வணக்கம்.

வழி தெரியவில்லையாயின் சென்னையைக் கேளுங்கள். 1857-இல் அலகாபாத்திலும் கான்பூரிலும் கொலைவெறி ஆடிய தளபதி நீல், மவுண்ட்ரோட்டிலே சிலையாய்ச் செருக்கோடு நின்றான். 1927-இல், ஆம், மகாடிலே மனுநூல் எரிந்த அதே ஆண்டில், அச்சிலையை எதிர்த்துக் கிளர்ந்தெழுந்து சிறை புகுந்தனர் இளைஞர். 1937-இல் ஆச்சாரியார் அமைச்சரவை அதை அகற்றியது. (ஆச்சாரியாரை நாம் பாராட்டும் இடங்கள் மிகச் சில, இஃது அவற்றுள் ஒன்று.) உடைத்தெறியவில்லை; அருங்காட்சியகம் சேர்ந்தது சிலை. நீலின் கொடுமையை அதனால் நாடு மறந்துவிட்டதா? இல்லையே! சாலையோர மரியாதை மட்டுந்தான் போயிற்று.

ஜெய்ப்பூரிலும் ஆல்பர்ட் ஹால் என்றோர் அழகிய அருங்காட்சியகம் உண்டு. ஒரே ஊர்தான், வண்டிக்கூலிகூட அதிகமாகாது.