நடப்பவருக்குக் கட்டுப்பாடு, கட்டுபவருக்கு விலக்கா?

புதுதில்லி: பெங்களூரிலிருந்து தெற்கே சுமார் 40 கி.மீ. தொலைவில், ஆனேக்கல் அருகே அமைந்துள்ளது முத்தியால மடுவு. மழைக்காலத்தில் பாறையிலிருந்து நீர் முத்துகளாகச் சிதறி விழுவதால் வந்த பெயர். மரங்களுக்கிடையே இறங்கிச் செல்லும் பாதை அருவியின் அடிவாரத்துக்கு இட்டுச் செல்கிறது. ஓரளவு நடக்கத் தெம்புள்ள எவரும் சென்று வரலாம். ஓசூர், தளி பகுதி மக்களுக்கும் இது அண்டை ஊர்தான். ஆனால், கோடையில் அங்கு நீர் இருக்காது. மழையையும், அதைத் தேக்கிவைக்கும் நிலத்தையும் நம்பியே அருவி வாழ்கிறது.

காட்டில் நடப்பவர்களை ஒழுங்குபடுத்துவதில் மாநில அரசுகள் விழித்துக் கொண்டுவிட்டன. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத் தீ 23 உயிர்களைப் பலி கொண்டது. அதன் பின்னர் தமிழக அரசு மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வகுத்தது. 2024 அக்டோபரில் 40 பாதைகளை முன்பதிவு முறையில் திறந்தது. கர்நாடகத்தில் 2024 குடியரசு தின விடுமுறையின்போது குமார பர்வதத்தில் ஆயிரக்கணக்கானோர் திரண்டனர். உடனே தாற்காலிகத் தடை வந்தது. அதே ஆண்டில் 'ஆரண்ய விஹார' இணையதளம் வழியே முன்பதிவும், நாளொன்றுக்கு 300 பேர் என்ற வரம்பும் வந்தன. இவை வரவேற்கத்தக்கவை.

ஆனால், நடப்பவர்களின் எண்ணிக்கையைக் குறைத்தால் மட்டும் காடு பிழைத்துவிடுமா?

காட்டின் விளிம்பிலுள்ள நிலமே மழைநீரை உறிஞ்சி ஓடைகளுக்கு மெல்ல மெல்லத் தருகிறது. அங்கு பாறையை உடைத்தாலோ, கட்டடம் எழுப்பினாலோ ஓடை வற்றும். யானைகளின் வழியும் அடைபடும். இதைத் தடுக்கவே தேசியப் பூங்காக்களைச் சுற்றி 'சூழல் கூருணர்வு மண்டலம்' வரையறுக்கப்படுகிறது. சுமார் 260 சதுர கி.மீ. பரப்புள்ள பன்னேர்கட்டா தேசியப் பூங்காவுக்கு 2016-ம் ஆண்டு வரைவில் 268.96 சதுர கி.மீ. மண்டலம் ஒதுக்கப்பட்டது. 2020 மார்ச்சில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் வெளியிட்ட இறுதி அறிவிக்கையில் அது 168.84 சதுர கி.மீ. ஆகச் சுருங்கியது. நூறு சதுர கி.மீ. நிலம் காகிதத்திலேயே பாதுகாப்பை இழந்தது.

விவசாயிகளின் வாழ்வாதாரம் பாதிக்கப்படும் என்பது மண்டலத்தை எதிர்ப்போரின் வாதம். அவர்களின் அச்சத்தைப் புறந்தள்ளிவிட முடியாது. எனினும், மண்டல விதிகள் உழவைத் தடுப்பதில்லை. அவை தடை செய்வது வணிகரீதியிலான குவாரிகளையும், மாசு உண்டாக்கும் ஆலைகளையும், வன எல்லையையொட்டிய புதிய சொகுசு விடுதிகளையும்தான். அப்படியிருக்க, எல்லை சுருங்கியதால் பயனடைவது ஏர் பிடிப்பவரா, மனை விற்பவரா?

நாடாளுமன்றமும் இதில் தன் கடமையைச் சரிவரச் செய்யவில்லை. 2023-ம் ஆண்டு வனப் பாதுகாப்புத் திருத்த மசோதாவைப் பரிசீலித்த கூட்டுக் குழு, எந்த மாற்றமும் செய்யாமல் அதை ஏற்றது. எதிர்க்கட்சி உறுப்பினர்கள் மாறுபட்ட கருத்துகளைப் பதிவு செய்தனர். மணிப்பூர் அமளிக்கிடையே, போதிய விவாதமின்றி, 2023 ஜூலை 26-ல் மக்களவையில் மசோதா நிறைவேறியது. பணித் திட்டங்களில் இடம்பெறும் சூழல் சுற்றுலா வசதிகளை 'வனம் சாராத பயன்பாடு' என்ற வரையறையிலிருந்தே அச்சட்டம் விலக்கியது. வசதி என்பது கைப்பிடிக் கம்பியா, கான்கிரீட் விடுதியா என்று சட்டம் பிரித்துச் சொல்லவில்லை. இச்சட்டத்தை எதிர்த்த வழக்கில் 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவு பிறப்பித்து, வனம் என்பதற்கு 1996-ம் ஆண்டு தீர்ப்பின் விரிந்த பொருளையே மாநிலங்கள் பின்பற்ற வேண்டும் என்றது. அவை கேட்கத் தவறிய கேள்வியை நீதிமன்றம் கேட்க நேர்ந்தது.

நடைபாதை, வழிகாட்டிப் பலகை, உள்ளூர் வழிகாட்டிகள், கழிப்பறை: சூழல் சுற்றுலா வசதி இவ்வளவுதான் என்று விதிகளில் தெளிவாக எழுதப்பட வேண்டும். பன்னேர்கட்டா மண்டலத்தின் எல்லை 2016-ம் ஆண்டு வரைவின்படி அமைய வேண்டும். கர்நாடக, தமிழக எம்.பி.க்கள் காவிரிப் பிரச்னையில் எதிரெதிரே நிற்கலாம். இரு மாநிலங்களையும் இணைக்கும் இந்தக் காட்டுக்காகவாவது ஒரே குரலில் பேசலாம்.

அருவிக்கு நடந்து செல்பவர் முன்பதிவுச் சீட்டைக் காட்ட வேண்டியிருக்கிறது. அருவிக்கு மேலே கட்டடம் எழுப்ப வருபவரிடமும் கணக்குக் கேட்கப்பட வேண்டும்.