வலி போயிற்று, நோய் போயிற்றா?

(மூன்றாம் ஆண்டு, விலங்கியல்)

ஆலங்குச்சியையும் வேப்பங்குச்சியையும் போற்றிய நாடு நம் நாடு. ஆயினும் வலிக்கும்போது மட்டுமே நாம் பல்லை நினைக்கிறோம். வலி நின்றதும் மறந்துவிடுகிறோம். இந்த மறதியே பெருந்தவறு என்பது என் கருத்து.

என் பாட்டி மாஞ்சோலைக்கு மேலே நாலுமுக்கில் கொழுந்து பறித்தவர். கடைவாய்ப் பல் சொத்தையாகிக் கன்னம் வீங்கியபோது கிராம்பை வைத்துக் கடித்தார். கடையில் வாங்கிய மாத்திரையை விழுங்கினார். மணிமுத்தாறு வழியாகக் கல்லிடைக்குறிச்சிக்கு இறங்கி ஏறினால் ஒரு நாள் கூலி போய்விடும். நான்காம் நாள் வலி நின்றது. "வலிதான் போயிட்டுல்லா, இனி எதுக்குலே ஆஸ்பத்திரி?" என்றார். மறு ஆண்டு அதே இடத்தில் வீக்கம். அதற்கடுத்த ஆண்டும் அவ்வாறே.

வலி ஏன் நின்றது? பல்லின் உள்ளே இருந்த கூழ் இறந்துவிட்டது. அதனோடு நரம்பும் இறந்தது. இரத்த ஓட்டமும் அற்றுப்போனதால், இரத்தத்தில் கலந்து வரும் மருந்து பல்லின் உட்குழாயை எட்டுவதில்லை. வெளி வீக்கம் வடியும். உள்ளிருக்கும் கிருமி குடியிருந்துகொண்டே இருக்கும்.

கிருமியே இதற்குக் காரணம் என்பதை 1965-இல் அமெரிக்காவில் ககேஹாஷி முதலிய ஆய்வாளர் எலிகளைக் கொண்டு மெய்ப்பித்தனர். கிருமியே இல்லாத சூழலில் வளர்ந்த எலிகளின் பல்லைத் துளைத்துக் கூழைத் திறந்துவிட்டபோதும் அது பிழைத்தது. புதிய பல்திசுவும் வளர்ந்து துளையை மூடியது. சாதாரண எலிகளிலோ கூழ் அழுகிச் சீழ் பிடித்தது.

வேர்ச் சிகிச்சை செய்த பின்னும் சில பற்களில் நோய் திரும்புகிறது. அத்தகைய பற்களில் அடிக்கடி காணப்படுவது என்டரோகாக்கஸ் ஃபீகாலிஸ் என்னும் பாக்டீரியா. அதுவே தனிக் குற்றவாளி அன்று. வேறு பல கிருமிகளும் உடன் இருக்கும். ஆனால் அதன் பிடிவாதம் வியக்கத்தக்கது. தந்தினியில் உள்ள நுண்குழல்களுக்குள் அது புகுந்துகொள்கிறது. உணவின்றி நெடுநாள் கிடக்கிறது. பிசின்போன்ற படலம் அமைத்துக் கூட்டமாக வாழ்கிறது. மருத்துவர் வைக்கும் கால்சியம் ஹைட்ராக்சைடு, நாம் வெற்றிலையில் தடவும் சுண்ணாம்பின் இனமே. அந்தக் காரத்தையும் இக்கிருமி ஓரளவு தாங்குகிறது. புரோட்டான்களை உள்ளே இறைத்துத் தன் அகத்தைக் காத்துக்கொள்கிறது.

நம் உடல் சும்மா இருப்பதில்லை. வேர்முனையில் வெள்ளணுக்கள் திரண்டு அணைகட்டுகின்றன. குழாய்க்குள் நுழைய இயலாத அவை, வெளியே கசியும் கிருமிகளையும் நஞ்சையும் எதிர்க்கின்றன. அப்போது அவை விடுக்கும் இரசாயனச் செய்திகள் எலும்பைக் கரைக்கும் செல்களைத் தூண்டிவிடுகின்றன. தாடை எலும்பு கரைந்து, அங்கே குருணைக்கட்டியோ நீர்க்கட்டியோ உருவாகிறது. எலும்பை அரிப்பவை பெரும்பாலும் நம் சொந்தச் செல்களே! வீட்டைக் காக்க வந்த படை சுவரை இடிப்பது போன்றது இது. இத்தனையும் வலியே இல்லாமல் நடக்கலாம். எக்ஸ்-ரே படத்தில் மட்டும் கருநிழலாகத் தெரியும்.

'பிடுங்கிவிட்டால் தீருமே' என்பர் சிலர். உண்மைதான், பிடுங்குவதும் ஒரு சிகிச்சையே. ஆனால் பஸ் கட்டணமும் ஒரு நாள் கூலியும்தான் ஒருவரது பல்லின் தலைவிதியை முடிவு செய்ய வேண்டுமா? வசதியுள்ளவன் பல்லைக் காப்பாற்றிக்கொள்கிறான். ஏழை இழந்துவிட்டு ஒரு பக்கமாக மெல்லுகிறான்.

2024-இல் தோட்ட வேலை நின்றது. பல குடும்பங்கள் மலையை விட்டு இறங்கின. ஆயினும் மலையூர்களும் கூலிவேலையும் உள்ளவரை இக்கேள்வி தீராது. எக்ஸ்-ரே கருவியுடன் பல் மருத்துவக் குழு மலையூர்களுக்கு முறைவைத்துச் செல்ல வேண்டும். வேர்ச் சிகிச்சை ஏழைக்கும் அருகிலேயே கிடைக்க வேண்டும். அதை இடையில் நிறுத்தாமல், மேலே உறையிட்டு மூடும் வரை முடிக்க வேண்டும்; மேலே கசிவிருந்தால் கிருமி மீண்டும் புகும்.

நாம் செய்யக்கூடியதும் ஒன்றுண்டு. நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் சாலை செப்பனிடுகிறோம், மரம் நடுகிறோம். அடுத்த முகாமில் ஒரு நாளைப் பல் பரிசோதனைக்கு ஒதுக்குவோம். மருத்துவரை அழைப்பது பேராசிரியர் பணி. வீடு வீடாகச் சென்று மக்களை அழைத்து வருவது நம் பணி.

என் பாட்டிக்கு இப்போது அந்தப் பல் இல்லை. வலி என்பது காவல்நாயின் குரைப்பு. நாய் ஓய்ந்ததால் திருடன் போய்விட்டான் என்று படுத்துறங்கலாமா, நண்பர்களே?